பேய் வீடு தேடிப் போன கால்கள்

"உம்மா, கூட்டாளிமாரோடு கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்."

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கும் வார்த்தை இது. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று நாம் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை கேற்றைத் தாண்டியிருக்கும். அந்தக் 'கொஞ்சம் வெளியே' என்பதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதை, இருபது வருடங்களாக மௌலவி ஆசிரியராகப் பிள்ளைகளோடு பழகியும் நான் சரியாக அறிந்திருக்கவில்லை. ஓர் இரவுதான் அதை எனக்குக் கற்பித்தது.

துரை பங்களாவில் நடந்தது

எங்கள் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், பழைய துரை பங்களா ஒன்று பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இரவில் அங்கே வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி நடமாடுகிறாள் என்று ஊரில் ஒரு கதை. சில வருடங்களுக்கு முன் ஓர் ஒக்டோபர் மாத முடிவில், வெளிநாட்டு இளைஞர்கள் 'பேய் வேட்டை' ஆடும் காட்சிகளைத் தொலைபேசியில் பார்த்த எமது ஏ.எல். மாணவர்கள் ஐவர், தாங்களும் அப்படியே செய்து பார்க்கத் தீர்மானித்தார்கள். வீட்டில் சொன்னது, "சேர்ந்து படிக்கப் போகிறோம்."

மேல்மாடிக்கு ஏறும் மரப்படிகள் உக்கிப் போயிருந்தன. முன்னால் ஏறியவனின் கால் பலகையை உடைத்துக்கொண்டு இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அப்போது இரவு ஒன்பது மணி. வீட்டாருக்குச் செய்தி கிடைத்ததோ ஒரு மணிக்கு!

நான்கு மணித்தியாலம் அந்தப் பிள்ளை இருட்டில் வலியால் துடித்திருக்கிறான். மற்ற நால்வரின் கைகளிலும் தொலைபேசி இருந்தது. "ஏன் உடனே அறிவிக்கவில்லை?" என்று வைத்தியசாலை வாசலில் கோபத்தோடு கேட்டேன். ஒருவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "உங்களுக்குத் தெரிஞ்சா ஸ்கூலால நிப்பாட்டிப் போடுவீங்க எண்டு பயந்தம் சேர்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஏனெனில், அப்படிச் சொன்னவன் நானேதான். முந்திய வாரம் வகுப்பில், "அந்தப் பங்களாப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டால் பெயரை வெட்டிவிடுவேன்" என்று எச்சரித்திருந்தேன். எனது எச்சரிக்கை அவர்களைத் தடுக்கவில்லை. உதவி கேட்பதை மட்டுமே தடுத்தது.

காயப்பட்டவனின் உம்மா என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் 'போகாதே, போகாதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் மௌலவி. எங்கே போகலாம் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லையே" என்றார். அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இந்தப் பேய் இரவு எங்கிருந்து வந்தது?

ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு கொண்டாடப்படும் ஹலோவீனின் வேர், அயர்லாந்து முதலான நாடுகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் 'சவின்' என்னும் பழைய பருவ விழாவில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தோரின் ஆவிகள் உலாவும் என்று அவர்கள் நம்பினார்கள். பின்னர் நவம்பர் 1ஆம் திகதி கிறிஸ்தவர்களின் சகல புனிதர்களின் திருநாளாகியதும், அதற்கு முந்திய இரவு என்ற பெயரே ஹலோவீன் எனச் சுருங்கியது. 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் அயர்லாந்தை விட்டுப் பெருந்தொகையாகப் புறப்பட்ட மக்கள் இந்த வழக்கங்களையும் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே தாராளமாகக் கிடைத்த பூசணிக்காயைக் குடையத் தொடங்கினார்கள்.

இன்று அது அங்கே பெரும்பாலும் சிறுவர்கள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கும் நாள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்ணிலும் வாழும் நம் உறவினரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே அதைச் சந்திக்கிறார்கள். வேறு மக்களின் வழக்கத்தை ஏளனம் செய்வது நமக்கு அழகல்ல. ஆனால், இறந்தோரின் ஆவி உலாவும் என்ற நம்பிக்கை நமது ஈமானோடு பொருந்தாது என்பதையும், மறைவான படைப்புகளை ரோச் லைட் கொண்டு தேடிப் பிடிக்க நமக்கு எந்தக் கட்டளையும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்கு அமைதியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பாழடைந்த வீட்டில் கேட்கும் சத்தங்களுக்குக் காரணங்களும் உண்டு. கூரையில் ஓடுவது மரநாய். தலைக்கு மேல் பறப்பது வௌவால். இலங்கைக் காடுகளில் பெண்ணொருத்தி அலறுவதைப் போல இரவில் கத்தும் பறவையைச் சிங்கள மக்கள் 'உலமா' என்பார்கள். நமது உலமாக்களுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! அது ஒரு வகைப் பெரிய ஆந்தை என்பது பறவை ஆய்வாளர் பலரின் கருத்து. இத்தகைய இடங்களில் உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு: உக்கிய பலகை, மூடாத கிணறு, பாம்பு, குளவிக் கூடு.

159 உயிர்கள்

பேயில்லாமலே உயிர் போன ஒரு ஹலோவீன் இரவும் உண்டு. 2022 ஒக்டோபர் 29ஆம் திகதி, தென் கொரியத் தலைநகர் சியோலின் இதேவோன் பகுதியில், கொரோனாக் கட்டுப்பாடுகள் நீங்கிய பின் வந்த முதலாவது ஹலோவீனுக்காக இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். சுமார் 40 மீற்றர் நீளமும், ஒடுங்கிய இடத்தில் 3 மீற்றரைச் சற்றே தாண்டிய அகலமும் கொண்ட சரிவான ஒரு சந்துக்குள் இரு பக்கமிருந்தும் சனம் நெருங்கியது. 159 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் இருபதுகளில் இருந்தவர்கள். நம் நாட்டவர் ஒருவரும் அவர்களுள் அடக்கம்.

"கூத்தாடப் போனவர்கள்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களும் "கூட்டாளிமாரோடு போய்வருகிறேன்" என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள்தான். அனர்த்தத்துக்குப் பல மணித்தியாலங்களுக்கு முன்பே, மாலை 6.34 முதல், "நெரிசல் ஆபத்தாக இருக்கிறது" என்று பொலிசாருக்கு அழைப்புகள் போயிருந்தன. போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இத்தகைய நெரிசலில் பெரும்பாலானோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்செடுக்க முடியாமல் இறக்கிறார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நான்கு பக்கமும் தோள்கள் இடிபடத் தொடங்கும்போதே வெளியேறிவிட வேண்டும். சிக்கிக்கொண்டால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைக்க வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளக்கூடாது. கீழே விழுந்ததை எடுக்கக் குனியவும் கூடாது. விளையாட்டுப் போட்டிக்கும் கந்தூரிக்கும் ஹஜ்ஜுக்கும்கூட இது பொருந்தும்.

அதே கால்கள், வேறு பாதை

பிள்ளைகளைப் பங்களாவுக்கு இழுத்துச் சென்றது பேய் அல்ல என்பதை நான் பிறகு அவர்களோடு பேசியே அறிந்துகொண்டேன். கூட்டாளிமாரோடு சேர்ந்து நடப்பது, சற்றுப் பயப்படுவது, பயத்தை வென்றோம் என்று பேசிக்கொள்வது, இவைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இந்தத் தேவை கெட்டதல்ல. அதற்கு நாம் ஒரு வேலை கொடுத்தோமா என்பதே கேள்வி.

அந்த ஹலோவீன் இரவுக்கே வேறு வேலை கொடுத்தவர்கள் உண்டு. 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்தினர், சிறுவர்கள் இனிப்புக் கேட்டுப் போகும்போது உலகின் ஏழைக் குழந்தைகளுக்காகக் காசும் சேகரிக்கலாமே என்று யோசித்தார்கள். முதலில் சேர்ந்தது 17 டொலர்தான். பிற்காலத்தில் அதுவே யுனிசெப் நிறுவனத்துக்காக இலட்சக்கணக்கான சிறுவர்கள் உண்டியல் ஏந்தும் வழக்கமாக வளர்ந்தது.

கனடாவின் டெரி பொக்ஸ் என்ற இளைஞனுக்கு 1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் வந்து வலது கால் முழங்காலுக்கு மேலாக அகற்றப்பட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்ப்பதற்காக அவன் 1980 ஏப்ரல் 12ஆம் திகதி செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். அவனோடு சென்றவன் ஒரேயொரு கூட்டாளி. அவன் வேனை ஓட்டினான், சமைத்துக் கொடுத்தான். இருவருக்கும் வழியில் மனக்கசப்பு ஏற்பட்டு, பேச்சே குறைந்து போயிற்று. அப்போது இருவருக்கும் நடுவில் நிற்பதற்காகப் பதினேழு வயதுத் தம்பி அனுப்பி வைக்கப்பட்டான். நமது வீடுகளில் நடப்பது போலவே இருக்கிறதல்லவா?

143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் அவன் நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூன் மாதம், 23 வயதாகும் முன்பே அவன் காலமானான். கனடாவில் ஆளுக்கு ஒரு டொலர் வீதம் சேர்க்க வேண்டும் என்ற அவனது ஆசை அதற்கு முன்பே நிறைவேறிவிட்டது. அதே வருடம் செப்டெம்பரில் தொடங்கிய அவன் பெயரிலான ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடைபெறுகிறது. அது போட்டியல்ல; ஓடலாம், நடக்கலாம்.

நமது நாட்டிலும் 2011 ஜூலையில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் நடைபவனி ஒன்று 27 நாட்கள் நடைபெற்றது. தெல்லிப்பளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி சேர்ப்பதே நோக்கம். 2016இல் காலி, கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். தெற்கத்தியவர் வடக்கின் நோயாளிக்காகவும், வடக்கத்தியவர் தெற்கின் நோயாளிக்காகவும் ஒரே வீதியில் கால் வைத்தார்கள்.

எங்கள் ஐவருக்குக் கிடைத்த வேலை

மறு வருடம் பக்கத்து நகரில், சிறுநீரக நோயாளர்களுக்கான இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவதற்காக ஒரு நடைபவனி ஏற்பாடாகியது. பள்ளிவாசல், பன்சலை, கோவில், தேவாலயம் என எல்லாரும் சேர்ந்த முயற்சி. நான் அந்த ஐவரையும் அழைத்து, "தொண்டர்களாக வருகிறீர்களா?" என்று கேட்டேன். முதலில் நம்பாமல் என்னைப் பார்த்தார்கள்.

கால் இன்னும் சரியாக ஊன்ற முடியாதவன் பெயர் பதியும் மேசையில் அமர்ந்தான். இருவர் தண்ணீர் கொடுத்து, வெற்றுப் போத்தல்களைச் சாக்கில் சேர்த்தார்கள். மற்ற இருவருக்கும் கிடைத்ததுதான் கடினமான வேலை: கடைசியாக நடப்பவரோடு நடப்பது. கடைசியாக நடந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு சிங்களத் தாய். அவரது கணவர் வாரம் இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர். பந்தைப் போலத் துள்ளும் இரண்டு பையன்கள், பன்னிரண்டு கிலோமீற்றரும் அந்தத் தாயின் வேகத்திலேயே, அவரது குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுபஹ் தொழுகைக்குப் பின் தொடங்கி லுஹருக்கு முன் முடித்தோம். முடிந்ததும் அவர்கள் கேட்ட கேள்வி, "அடுத்த வருசமும் வைப்பாங்களா சேர்?"

அன்று ஒரு மாணவி என்னிடம், "நாநாமாருக்குத்தான் எல்லா ட்ரிப்பும். எங்களுக்கு வீடும் குசினியும்தானா சேர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆசிரியை ஒருவரின் பொறுப்பில், உம்மாமார் சிலரும் கூட வர, பத்து மாணவிகள் முதலுதவி மேசையைக் கவனித்தார்கள். அன்று மிக ஒழுங்காக நடந்த பகுதி அதுதான். நமது பெண்பிள்ளைகளுக்கும் கூட்டாளிகள் வேண்டும், வெளிக்காற்று வேண்டும், ஊர் மெச்சும் வேலை வேண்டும்.

உம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள்

தர்ம நடைபவனி என்ற பெயரால் மட்டும் எதுவும் நன்மையாகிவிடாது. படம் எடுப்பதற்காகவே வந்து பாதி வழியில் கழன்று போனவர்களையும் அன்று கண்டேன். ஆகவே எந்தப் பயணமானாலும் அனுமதிக்கு முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். யாரோடு? பொறுப்பான பெரியவர் யார்? தொழுகைக்கும் திரும்புவதற்கும் நேரம் என்ன? இதனால் யாருக்காவது பிரயோசனம் உண்டா? நான்காவதற்கு எப்போதும் 'ஆம்' என்ற பதில் வர வேண்டியதில்லை. கடற்கரையில் காற்று வாங்குவதும் பிள்ளைகளுக்கு ஹலாலான சந்தோஷம்தான்.

நல்ல கூட்டாளியைக் கஸ்தூரி விற்பவருக்கு ஒப்பிட்டார்கள் நமது நபி (ஸல்) அவர்கள். அந்தக் கூட்டாளிகள் யார் என்று அறிய ஓர் இலகுவான வழி, அவர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு கோப்பை தேநீர் கொடுப்பதுதான்.

கடைசியாக ஒன்று. இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவையுங்கள்: "மகன், நீ எங்கே இருந்தாலும், என்ன பிழை செய்திருந்தாலும், ஆபத்து என்றால் முதலில் உம்மாவுக்குக் கோல் எடு. அந்த நேரத்தில் ஏசமாட்டேன். ஏச்சை மறுநாள் பார்த்துக்கொள்வோம்."

நானும் இப்போது ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் அதையே சொல்கிறேன். பெயரை வெட்டுவதைப் பற்றிப் பேசுவதில்லை. எனது தொலைபேசி இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். நமது பிள்ளைகளின் கால்களை அல்லாஹ் நேரான பாதையில் உறுதிப்படுத்துவானாக!