கிளம்ப மறுக்கும் பழைய கார்

அமீர்பேட் தெருவோரங்களில் மாருதி 800 கார்களை இன்றும் காண்கிறோம். 2000-ஆம் ஆண்டையொட்டி அவற்றில் கார்புரேட்டர் நீங்கி இன்ஜெக்டர் வந்தது. அத்தகைய வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், பழைய வழக்கப்படி ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துப் பயனில்லை. பெட்ரோலின் அளவை மின்னணுக் கருவியே தீர்மானிக்கிறது. முதலிற் செவிசாய்க்க வேண்டும். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் எழும். அது டாங்கியினுள் உள்ள பம்பின் குரல். கேட்கவில்லையெனில் ஃபியூஸையும் ரிலேயையும் சோதித்த பின்னரே பம்பைக் குறை கூறலாம். சில ரூபாய் ஃபியூஸுக்காகப் புதுப் பம்பே வாங்கிய அனுபவம் அடியேனுக்கு உண்டு! ரீங்காரம் கேட்டும் நெடுநேரம் சுற்றியே எஞ்சின் உயிர்பெறுமாயின், இரவில் குழாயின் அழுத்தம் வடிந்திருக்கலாம். சாவியை இருமுறை 'ஆன்' செய்து அணைத்த பின் கிளப்பிப் பாருங்கள். 'டிக் டிக்' ஓசை மட்டுமே எழுந்தால், பாட்டரி முனைகளிற் பூத்த வெண்படிவத்தைத் துடைத்து இறுக்குங்கள். அழுத்தமுள்ள பெட்ரோல் குழாயை மட்டும் நீங்களே கழற்ற வேண்டா.