விளையாட்டுச் சுரங்கம்

வீடியோ கேம் என்றதுமே உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்பதை அறிவேன். தமிழ் மாணவர் மன்றத்து மலரிலே இதற்கும் ஓர் இடமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் மைசூர் மைன்ஸில் பிறந்தவன். தங்கம் தோண்டிய ஊரில் பிறந்தவனுக்குத் தங்கம் தோண்டும் விளையாட்டின் மேல் காதல் பிறந்ததில் வியப்பென்ன?

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் அங்கே சென்றனர், லைன் வீடுகளில் குடியேறினர், பாறையைக் குடைந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் எல்லாம் மூடப்பட்டது. நான் பிறந்தபோது எஞ்சியிருந்தவை சயனைடு மேடுகளும், துருப்பிடித்த ஷாப்டுகளும், ஓய்ந்துபோன முதியவர்களுமே.

அந்த ஓய்ந்துபோன வீட்டில் என் சித்தப்பாவின் பழைய ‘டிவி கேம்’ ஒன்று இருந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட பேமிகாம் என்னும் கருவியின் நகல் அது. நம் நாட்டுத் தெருக்களில் விற்றவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய நகல்களே. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில பத்து ஆட்டங்கள். அவையே பெயர் மாறி மாறி வரும். இந்தப் புளுகை மன்னித்துவிடலாம், அதில் லோட் ரன்னர் இருந்தமையால்!

லோட் ரன்னரைப் படைத்தவர் டக்ளஸ் ஸ்மித். அப்போது அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற மாணவர். நம்மைப் போன்ற ஒரு மாணவர் என்பதைக் கவனியுங்கள். 1983-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக 150 கட்டங்களுடன் வெளிவந்தது; மறு ஆண்டே பேமிகாமுக்கும் வந்தது. ஆட்டம் எளியது. செங்கல் தளங்களும் ஏணிகளும் நிறைந்த ஓர் உலகம். அதில் ஒரு சிறு மனிதன். சிதறிக் கிடக்கும் பொன்னையெல்லாம் அவன் பொறுக்க வேண்டும். துரத்துவோரை எதிர்க்க அவனிடம் துப்பாக்கி இல்லை. இடப்பக்கமோ வலப்பக்கமோ தரையில் குழி பறிக்கலாம், அவ்வளவே. துரத்துபவன் குழியில் விழுவான். சற்று நேரத்தில் குழி தானே மூடிக்கொள்ளும். நாம் உள்ளே இருந்தால் நாமும் புதைவோம். பொன் முழுவதையும் எடுத்தபின் உச்சிக்குச் செல்ல ஏணி தோன்றும். உயிரோடு மேலே ஏறுவதுதான் வெற்றி.

என் தாத்தா சுரங்கம் மூடிய நாள்வரை கீழே இறங்கியவர். ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏண்டா, முட்டுக் கொடுக்காமலே குடையறானே இவன்! மேலே இருக்கிறது வந்து விழாதா?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாறை தன்மேல் அழுத்தும் பாரம் தாளாமல் திடீரென வெடித்துச் சிதறுவது கோலார் சுரங்கங்களில் அடிக்கடி நிகழ்ந்த கொடுமை என்பதை நான் பிற்பாடுதான் படித்து அறிந்தேன்.

அதன் பிறகே மற்றச் சுரங்க ஆட்டங்களையும் தேடிப் பிடித்து ஆடினேன். நாம்கோ நிறுவனத்தின் டிக் டக் 1982-இல் வந்தது. மண்ணைக் குடைந்துகொண்டே போகலாம். பாறை தலையில் விழுந்தால் முடிந்தது கதை. மேத்யூ ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞர் 1983-இல் எழுதிய மேனிக் மைனரில் 20 குகைகள். கீழே ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். அதுதான் மூச்சுவிட எஞ்சியிருக்கும் காற்று! அதைக் கண்டதும் தாத்தாவைத்தான் நினைத்தேன். தங்கவயலின் அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும்.

இத்தகைய பழைய ஆட்டங்களுக்கு இன்று உலகெங்கும் அன்பர்கள் உண்டு. 1980-இல் பிறந்த பேக்மேனைச் சட்டையிலும் கோப்பையிலும் சாவிக்கொத்திலும் காண்கிறோம். நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 2012-இல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. லெகோ நிறுவனம் 2023-இல் அதன் ஆட்டப்பெட்டியைக் கட்டைகளால் அடுக்கும் பொம்மையாக்கி விற்றது. தமிழிலும் வணக்கம் செலுத்தியிருக்கிறோம். அஸ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ 2019-இல் வந்தது. அதன் நாயகி ஆட்டங்களை உருவாக்குபவள். பேக்மேன் பித்துக் கொண்டவள். ஆட்டத்தில் கிடைக்கும் மூன்று உயிர்களே கதைக்கும் முதுகெலும்பு. வீட்டில் பார்க்காதவர்கள் பாருங்கள். இரவில் தனியாக வேண்டாம்.

ஆனால் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. ஈ.டி. என்ற திரைப்படத்தை ஒட்டி, அட்டாரி நிறுவனம் ஐந்தே வாரங்களில் ஓர் ஆட்டத்தைச் செய்வித்தது. 1982-இல் விற்பனைக்கு வந்து படுதோல்வி கண்டது. மறு ஆண்டு, விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அன்பர்கள் கூடி அந்தக் குப்பைமேட்டைத் தோண்டினார்கள்! ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் வெளிவந்தன. நசுங்கி நாறிய அவற்றை மக்கள் ஏலத்தில் எடுத்தார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கே சென்றது. தங்கத்தைத் தோண்டியவர்கள் நாம். குப்பையைத் தோண்டித் தங்கமாக்கியவர்கள் அவர்கள்!

எங்கள் ஊர்ப் பெயரும் சட்டைகளில் இருக்கிறது. ‘கே.ஜி.எஃப்’ படங்கள் 2018-இலும் 2022-இலும் வந்தபின் அந்த மூன்றெழுத்தும் தாடிக்கார நாயகனும் எல்லாச் சந்தைகளிலும் தொங்கினார்கள். படத்தின் நாராச்சி கற்பனை ஊர். பிடித்த காட்சிகள் சில எங்கள் சயனைடு மேட்டிலேயே எடுக்கப்பட்டவை. அந்தச் சட்டையை நானும் வாங்கினேன், பொய் சொல்வானேன்? 2024-இல் ரஞ்சித்தின் ‘தங்கலான்’ எங்கள் முன்னோரைத் திரைக்குக் கொண்டுவந்தது. எனினும் என் தாத்தாவின் சுரங்கத் தொப்பியும் விளக்கும் எங்கே? நான் பள்ளியில் இருந்த காலத்தில் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போயின. எவரும் தடுக்கவில்லை. அட்டாரியின் குப்பைக்குக் கிடைத்த மதிப்பு அந்தத் தொப்பிக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

லோட் ரன்னரில் ஒரு சிறப்பு உண்டு. ஆடுபவனே புதிய கட்டங்களை அமைக்கலாம். அந்நாளில் அது அரிய வசதி. ஒரு விடுமுறையில் மைசூர் மைன்ஸ் ஷாப்டை ஒரு கட்டமாக அமைக்க முயன்றேன். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்தார். “ஏணியை அங்கே வைக்காதேடா. நாங்க இறங்கினது இந்தப் பக்கம். இங்கே ஒரு வெட்டு போகும். அந்த மூலையில தங்கம் வேண்டாம், அங்கே ரெண்டு பேர் போயிட்டாங்க” என்றார். அந்த மூலையை வெறுமையாகவே விட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. எங்கள் நகல் கருவி எதையும் நினைவில் வைக்காது. கட்டம் போயிற்று. தாத்தா மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் கணக்கு நோட்டில் கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கிழித்தேன். அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அந்தத் தாள் இன்று என் விடுதி அறைச் சுவரில், பேக்மேன் படத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம்.