உஷார்! ஸ்டேஷன் பேரில் போர்ட் இருக்கும்… உங்கள் கப்பல் அங்கே இருக்காது!

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, கோலாலம்பூர், பினாங்கு, புக்கெட் என்று இறங்கி ஏறி வரும் டூருக்கு டிக்கெட் போட்டாச்சா? பிள்ளைகளுக்குப் புதுத் துணி எல்லாம் வாங்கியாச்சா? சந்தோஷம். ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் யார் வழி பார்த்து அழைத்துப் போவாரோ, அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

கப்பல் உங்களுக்காக நிற்காது!

பஸ் போனால் அடுத்த பஸ் வரும். ரயில் போனால் அடுத்த ரயில் வரும். கப்பல் போய்விட்டால்? உங்கள் பெட்டி, மாத்திரை, சில நேரம் பாஸ்போர்ட் உட்பட எல்லாம் கடலில் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் கட்டின துணியோடு தெரியாத ஊரில் நிற்பீர்கள்.

கோவைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். அவர்கள் பட்டதே போதும்.

கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், கணவனின் அம்மா. கப்பல் காலையில் கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிள்ளானுக்கு வந்தது. மாலை 5 மணிக்குள் எல்லாரும் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும் என்று அறிவிப்பு. கப்பலிலேயே பஸ் டூர் வைத்திருந்தார்கள். நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் பெரிய தொகை. “எதுக்கு அவ்வளவு காசு? ரயில்ல போனா ஆளுக்குச் சில ரிங்கிட்தான்” என்றார் கணவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நாமும் அப்படித்தான் நினைப்போம்.

துறைமுக வாசலில் டாக்சி பிடித்து கிள்ளான் ஊருக்குப் போய், அங்கிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் ஏறி பத்துமலைக்குப் போனார்கள். 272 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, முருகன் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்து முடிக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷமே திரும்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவைப் பார்க்காமல் போவதா? நாத்தனாருக்கு பாத்திக் துணி, அக்கம்பக்கத்துக்குச் சாக்லேட்… நேரம் ஓடிவிட்டது.

பாங்க் நெகாரா ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி 3. இங்கேதான் முதல் அடி. அந்த ஸ்டேஷனில் இரண்டு வெவ்வேறு ஊருக்குப் போகும் கொமுட்டர் ரயில்கள் நிற்கும். ஒன்று கிள்ளானுக்கு, இன்னொன்று சிரம்பான் பக்கம். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் இரண்டும் ஒரே பாதையில் போகும். அதற்குப் பிறகு பிரிந்துவிடும். இவர்கள் முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டார்கள். கேஎல் சென்ட்ரலில் பாதிக் கூட்டம் இறங்கியது. பாட்டிக்கு உட்கார இடம் கிடைத்ததே என்ற நிம்மதியில் இவர்கள் இறங்கவில்லை. கதவுக்கு மேலே ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்த பையன்தான் சொன்னான்: “அப்பா, இது நம்ம கோடு இல்லப்பா.” அப்போது வண்டி பண்டார் தாசிக் செலாத்தான் வந்துவிட்டது.

இறங்கி, படியேறி அந்தப் பக்கத்துக்குப் போய், காத்திருந்து, கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்பி, அங்கேயும் காத்திருந்து கிள்ளான் ரயிலைப் பிடித்தார்கள். காலையில் ஏறிய கிள்ளான் ஸ்டேஷன் வந்தது. இறங்கவில்லை! கடைசி ஸ்டேஷனின் பேரே போர்ட் கிள்ளான்தானே, அங்கே இறங்கினால் கப்பல் பக்கம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

இது இரண்டாவது அடி. பெரிய அடி.

ரயில் பாதை அங்கே முடிகிறது. வெளியே வந்தால் தண்ணீர் தெரியும். பூலாவ் கேத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறையும் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கப்பல் மட்டும் அங்கே இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் நிற்பது பூலாவ் இண்டா என்ற தீவில். அதற்குச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு, பாலம் கடந்து போக வேண்டும். ரயில் கிடையாது. நடந்து போகவும் முடியாது. டாக்சி கிடைத்தாலே அரை மணிக்கு மேல் ஆகும். கிடைக்க வேண்டுமே!

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. ஆள் குறைகிறது என்று தெரிந்ததும் கப்பல் ஊழியர்கள் கேபின் லாக்கரைத் திறந்து, நாலு பாஸ்போர்ட்டையும் எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். புண்ணியவான்கள். ஆனால் பாட்டியின் சர்க்கரை மாத்திரை கேபினிலேயே இருந்தது. ராத்திரி மருந்துக்கடை தேடி அலைந்து, ஹோட்டலில் தங்கி, மறுநாள் சொந்தச் செலவில் நாலு பேரும் விமானத்தில் சிங்கப்பூர் போய்த்தான் பெட்டிகளை வாங்கினார்கள். டூருக்குக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எங்கே, இது எங்கே!

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். பேப்பர் எடுத்து எழுதியே பாருங்கள்.

கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் மாலை 5 என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கிளம்பும் நேரம் அல்ல, நீங்கள் ஏறியிருக்க வேண்டிய நேரம். இரண்டும் வேறு. அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாகவே கெடு வைப்பார்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொமுட்டர் ரயில் மெட்ரோ மாதிரி அடிக்கடி வராது, ஒன்றை விட்டால் அரை மணியோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். கிள்ளானிலிருந்து பூலாவ் இண்டாவுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையில்தான் வெஸ்ட்போர்ட்ஸ் சரக்குத் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் போகும். ஒரு லாரி குறுக்கே நின்றால் அவ்வளவுதான். எல்லாம் சரியாக நடந்தாலே இரண்டரை மணி நேரம் போய்விடும். ஒன்று பிசகினால்?

அதனால் பகல் 1.30 மணிக்கு நீங்கள் கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்குள் இருக்க வேண்டும். பத்துமலையைப் பார்த்தீர்களா, அத்தோடு திரும்புங்கள். கடைத்தெரு கிடையாது. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைத்தால், உங்கள் கையில் நேரமே இல்லை!

புக்கெட்டில் ஆபத்து வேறு மாதிரி வரும். அது உங்கள் பையிலேயே இருக்கிறது. செல்போன்!

தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் செல்போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஆனால் கப்பல் பல சமயம் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டிருக்கும். உங்கள் போனில் மணி 4. ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று மசாஜுக்கு உட்காருவீர்கள். கப்பலில் அப்போது மணி 5! எத்தனை படித்தவர்களாக இருந்தாலும் இதில் விழுந்துவிடுவார்கள், ஏனென்றால் போன் பொய் சொல்லும் என்று யாரும் நினைப்பதில்லை. கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டுங்கள். கப்பலை விட்டு இறங்கும்போது அங்கே மாட்டியிருக்கும் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு யார் சொன்னாலும் அதை மாற்றாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரைக்கே வராது. கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்படியென்றால் நீங்கள் பிடிக்க வேண்டியது கப்பலை அல்ல, கடைசிப் படகை. அந்தப் படகுக்கும் வரிசை இருக்கும். பத்தோங்கிலிருந்து புக்கெட் டவுனுக்கு மலிவாகப் போகலாம் என்று சோங்தாவ் என்ற ஷேர் வண்டியில் ஏறுகிறவர்கள், திரும்பி வரும் வண்டி எத்தனை மணியோடு நிற்கும் என்று டிரைவரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள். சாயங்காலத்தோடு அது நின்றுவிடும்.

மறுபடி கோலாலம்பூருக்கு வருவோம். அங்கே கீழே சொல்வதில் ஒன்று கண்ணில் பட்டாலும், கையில் இருக்கும் பையோடு அப்படியே திரும்பிவிடுங்கள்.

மதியம் வானம் இருட்டுகிறதா? கோலாலம்பூர் பக்கம் பிற்பகல் இடிமழை சாதாரணம். மழை இறங்கிவிட்டால் டாக்சி கிடைக்காது, சாலையும் நகராது.

வெள்ளிக்கிழமையா? மதியத் தொழுகை நேரத்தில் மஸ்ஜித் இந்தியா பக்கம் வண்டி போவது கஷ்டம்.

பிளாட்பாரத்தில் எல்லாரும் எழுந்து வேறு பிளாட்பாரத்துக்குப் போகிறார்களா? ஏதோ மாற்றம் அறிவித்திருக்கிறார்கள். மலாயில் சொன்னது உங்களுக்குப் புரிந்திருக்காது. உடனே யாரையாவது கேளுங்கள். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு, வெட்கப்படாதீர்கள்.

டாக்சி கூப்பிடும் கிராப் செயலியில் டிரைவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்துகொண்டே இருக்கிறாரா? தீவு வரைக்கும் வந்து வெறும் வண்டியோடு திரும்ப யாருக்குத்தான் மனசு வரும்! இனியும் காத்திருக்காதீர்கள்.

கூட வந்த பெரியவருக்குக் கால் வலிக்கிறதா, பிள்ளைக்கு வயிறு சரியில்லையா? அவர்கள் நடை கொஞ்சம் தளர்ந்தால் உங்கள் கணக்கு முழுவதும் சரியும்.

செல்போனை நம்பிப் போகிறவர்களே, இதையும் கேளுங்கள்! கிராப் செயலியை ஊரிலேயே பதிந்து, ஓடிபி எல்லாம் முடித்துக்கொண்டு போங்கள். கரையில் இறங்கி நின்றுகொண்டு, இந்திய நம்பருக்கு ஓடிபி வருமா என்று காத்திருக்க முடியாது. கப்பல் கடலில் இருக்கும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலுக்கென்று தனி நெட்வொர்க் இருக்கும். சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. தெரியாமல் இணைந்தால் வரும் பில்லைப் பார்த்து மயக்கமே வரும். கையில் ரிங்கிட் நோட்டும் வைத்திருங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் கப்பலுக்குக் கப்பல் முறை வேறு. எடுத்துக்கொண்டு இறங்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களே வாங்கி வைத்துக்கொண்டால், போட்டோ பக்கத்தையும் சிங்கப்பூர் விசாவையும் நகல் எடுத்துப் பையில் வையுங்கள். முக்கியமாக, சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கப்பலில் போனாலும், கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் போனாலும் நீங்கள் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கும் மறுநாளைக்கும் வேண்டிய மாத்திரை எப்போதும் கைப்பையில். கேபினில் அல்ல!

அப்படியானால் ஊரே பார்க்க வேண்டாமா? பாருங்கள். கோலாலம்பூர்தான் வேண்டும் என்றால் கப்பல்காரர்கள் நடத்தும் டூரிலேயே போய்விடுங்கள். அவர்கள் பஸ் மாட்டிக்கொண்டால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் போய் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. கூடுதல் காசு இதற்குத்தான். ரயிலில் போய் மிச்சம் பிடிப்பதை வேறு ஊரில் வைத்துக்கொள்ளலாம்.

கடைத்தெருதான் ஆசை என்றால் கிள்ளான் ஊரே போதும். ஜாலான் தெங்கு கிளானா முழுக்க நம் கடைகள். புடவை, பூ, நகை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் ஒரே தெருவில். டாக்சியில் போய், அதே டிரைவரிடம் திரும்பும் நேரம் பேசி, நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில்தான் மனசு நிம்மதியாகச் சுற்றலாம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினாலே ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவும் மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: 204-ம் நம்பர் பஸ்ஸில் பினாங்கு மலைக்குப் போகிறவர்கள், மேலே போகும் ரயிலுக்கு நிற்கும் வரிசையை மட்டும் பார்க்காதீர்கள். கீழே இறங்கவும் அதே ரயில்தான், அதற்கும் வரிசை உண்டு. விடுமுறை நாளில் இறங்க நின்றே நேரம் போய்விடும்.

பல கப்பல்களில் தினமும் கேபினுக்கு ஒரு தாள் போடுவார்கள். சாப்பாட்டு நேரமும் பாட்டுக் கச்சேரியும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவோம். அதில் அன்றைய துறைமுக ஏஜென்டின் போன் நம்பர் இருக்கும். இறங்குவதற்கு முன் அதைப் படம் எடுங்கள், இன்னொருவர் போனிலும் எடுக்கச் சொல்லுங்கள், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெரியவர்கள் பையில் போடுங்கள். நேரமாகிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே, டாக்சியில் இருக்கும்போதே, அந்த நம்பருக்குப் பேசுங்கள். துறைமுகத்துக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.