மரண சாதனம் எழுதுவது எப்போது?



மரண சாதனம் பற்றி நாம் பேச்செடுத்தால் லயத்தில் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "எங்ககிட்ட என்னங்க ஐயா இருக்கு எழுதுறதுக்கு?" மற்றது, "நல்லா இருக்கிற மனுசனுக்கு எதுக்கு இந்த அபசகுனப் பேச்சு?" இரண்டாவதைச் சொல்பவர்களிடம் நாம் வாதாடுவதில்லை. முதலாவதற்குப் பதில் உண்டு.

உங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு 1000 ரூபாவுக்கும் உங்கள் பங்கு 80 ரூபா, தோட்டத்தின் பங்கு 120 ரூபா, ஆக 200 ரூபா ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 30 ரூபா. இருபது, முப்பது வருசம் கொழுந்து பறித்தவருக்கு இது சின்னத் தொகையா? 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கிடைக்கும் பணிக்கொடை வேறு. வங்கிப் புத்தகம், நகை, சிலருக்கு வெளியில் வாங்கிய துண்டுக் காணி. இருக்கிறது, எழுதுவதற்கு இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அவிசாவளைப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, சேமலாப நிதிப் பணத்தோடு, கொட்டாஞ்சேனையில் கடை வேலை பார்த்த மகன் அனுப்பியதையும் சேர்த்து, களனிக்குப் பக்கத்தில் ஆறு பேர்ச் காணி வாங்கினார். உறுதி அவர் பெயரில். இரண்டு மகன், ஒரு மகள். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது மகள்தான். "இந்தக் காணி சின்னவளுக்கு" என்று வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். கோயில் திருவிழாவிலும் சொன்னார். தாளில் மட்டும் எழுதவில்லை.

அவர் போன பிறகு மூத்தவர், "என் காசும் அதில இருக்கு" என்றார். அதுவும் பொய்யில்லை. ஆனால் சட்டம் வாய்ப்பேச்சையும் பார்க்கவில்லை, யார் காசு கொடுத்தார் என்று மனசால் கணக்கும் பார்க்கவில்லை. மரண சாதனம் இல்லாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசமில்லை. ஆக அம்மாவுக்குப் பாதி, மூன்று பிள்ளைகளுக்கும் ஆறில் ஒன்று வீதம். முழுக் காணியையும் விற்க எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போடலாம்தான், ஆறு பேர்ச்சில் ஒரு பேர்ச் எந்த மூலைக்குக் காணும்? காணி இன்றைக்கும் புல் வளர்ந்து கிடக்கிறது. அண்ணனும் தங்கையும் தீபாவளிக்குக்கூடப் பேசுவதில்லை.

(இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. தேசவழமை வடக்கு மாகாணத் தமிழருக்கு உரியது, மலைநாட்டாருக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

எழுதுவது எப்படி? 1840ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு வழி சொல்கிறது. நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளாவது வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். முதல் வழிதான் நல்லது. கையெழுத்து தாளின் கடைசியில் வர வேண்டும். கை நடுங்குகிறவர் தன் முன்னிலையில், தான் சொல்லி, இன்னொருவரை வைக்கச் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பங்கு கிடைக்கப் போகிறவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். பின்னால் அதுவே வம்பு.

நொத்தாரிசைத் தேடும்போது தமிழில் எழுதுகிறாரா என்று முதலில் கேளுங்கள். புதுக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் பிள்ளைகள் வேலை செய்தால் அவர்களையே விசாரிக்கச் சொல்லலாம். விளங்காத பாஷையில் உள்ள தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்க வேண்டாம். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

இளம் வயதில் எழுதினால் மாற்ற முடியாதே என்று பயப்பட வேண்டாம். எத்தனை தடவையும் மாற்றி எழுதலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எழுதிய பிறகு கலியாணம் முடித்தால் பழைய சாதனம் ரத்தாகிவிடும். திரும்ப எழுத வேண்டும்.

லயக் காம்பராவை எழுதி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது, அது உங்கள் பெயரில் இல்லை. அரசாங்கக் காணி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். அதற்குப் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும்.

இனி சேமலாப நிதி. இதில்தான் நம்மவர்கள் அதிகம் அகப்படுகிறார்கள். சாதனத்தில் யார் பெயரை எழுதினாலும், அங்கே முதலில் பார்ப்பது நீங்கள் நியமித்தவரின் பெயரை. பதினெட்டு வயதில் பேர் பதிந்தபோது அம்மா பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அம்மா போய் பத்து வருசமாகியிருக்கும், பெயர் அங்கேயே இருக்கும். பிறகு மனைவி பிள்ளைகள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கும் சான்றிதழ்களுக்கும் அலைய வேண்டும். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயம்மாள் என்றிருந்தால் அந்த அலைச்சல் இரட்டிப்பு.

ஆகவே இந்த மாதம் சம்பளம் வாங்க வரும்போது, சேமலாப நிதியில் யார் பெயர் இருக்கிறது என்று தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு நம்மிடம் வாருங்கள். படிவம் நிரப்ப நாம் கூட இருப்போம்.