திறமூல மென்பொருளில் பயனர் வாக்கும் வழு முன்னுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

திறமூல மென்பொருள் திட்டங்களில் எந்த வழுவை முதலில் களைவது என்பதை முடிவுசெய்யப் பயனர் வாக்கும் ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாக்கு எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்பதையும், தமிழ்ப் பயனர் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், வழு, வாக்கு, முன்னுரிமை, ஒருங்குறி.

முன்னுரை

இலக்கண மரபில் வழங்கும் 'வழு' என்னும் சொல் இன்று மென்பொருட் பிழையையும் குறிக்கிறது. திறமூலத் திட்டங்களில் வழுவைக் கண்ட எவரும் அதனைப் பொதுப் பதிவேட்டில் அறிக்கையாகப் பதியலாம். அறிக்கைகள் பெருகும் அளவிற்கு அவற்றைத் தீர்ப்போர் பெருகுவதில்லை. எனவே, எதனை முதலில் எடுத்துக்கொள்வது என்னும் வினா எழுகிறது.

வாக்கின் செயல்முறை

மொசில்லா திட்டத்தில் 1998இல் தோன்றிய பக்ஸில்லா என்னும் வழுப்பதிவு மென்பொருள் இதற்குத் தக்க சான்றாகும். அதில் பயனர் ஒருவருக்குரிய வாக்குகளின் எண்ணிக்கையைத் திட்ட நிர்வாகி வரையறுக்கலாம். வாக்குகள் அளவுக்குட்பட்டவை என்பதால் பயனர் தமக்கு இன்றியமையாத வழுக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். உறுதிசெய்யப்படாத வழு ஒன்று குறித்த எண்ணிக்கையில் வாக்குகளைப் பெறின், அது உறுதிசெய்யப்பட்டதாக மாறுமாறும் அமைக்கலாம். ஆயினும் வழுவின் கடுமையும் முன்னுரிமையும் தனித்தனிப் புலங்களாகவே பதியப்படுகின்றன. வாக்கு அவற்றைத் தானாக மாற்றுவதில்லை. 2011இல் வெளியான 4.0 பதிப்பில் வாக்களிப்பு வசதி மைய மென்பொருளிலிருந்து பிரிக்கப்பட்டு, விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் நீட்சியாயிற்று.

உபுண்டு பயன்படுத்தும் லாஞ்ச்பேட் தளத்தில், ஒரு வழு தம்மையும் பாதிப்பதாகப் பயனர் பதிவுசெய்யலாம். இங்கு விருப்பம் வினவப்படுவதில்லை, பட்டறிவே வினவப்படுகிறது.

வாக்கு அளக்கத் தவறுபவை

முதலாவது, பயனருக்குப் புலப்படாத வழு. ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 1.0.1 பதிப்பு 2012 மார்ச்சில் வெளிவந்தது. அதிலிருந்த 'ஹார்ட்பிளீட்' வழு 2014 ஏப்ரலில்தான் பொதுவெளியில் அறிவிக்கப்பட்டது. வழங்கிக் கணினியின் நினைவகத்திலுள்ள மறைசெய்திகளைப் பிறர் படிக்க இடமளித்த அவ்வழுவைப் பொதுப்பயனர் எவரும் உணர்ந்திருக்க இயலாது. உணராத ஒன்றிற்கு வாக்களிக்கவும் இயலாது.

இரண்டாவது, சிலரை மட்டும் கடுமையாகப் பாதிக்கும் வழு. ஒருங்குறியில் 'கெ' என்பது ககரமும் அதனை அடுத்து எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி ககரத்திற்கு முன்னர்த் தோன்ற வேண்டும். 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். இம்மாற்றம் தவறினால் தமிழ்ப் பனுவல் படிக்கத் தகாததாகிவிடும்; தமிழறியாத பயனர்க்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. பட்டியின் நிறம் பற்றிய சிறு குறை இதனினும் மிகுதியான வாக்குகளைப் பெறுதல் கூடும். எண்ணிக்கை பரப்பைக் காட்டும்; ஆழத்தைக் காட்டாது.

இத்தகைய குறைகளுக்குப் பொதுவான அடித்தளத்தில் தீர்வு காணலாம். பல எழுத்துமுறைகளின் வடிவமைப்பைக் கையாளும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தை லிப்ரே ஆபீஸ் 2017இல் தன் 5.3 பதிப்பின்வழி எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக்கியது. அடித்தளம் பொதுவாகும்போது, அங்குச் செய்யப்படும் ஒரு திருத்தம் அதனைப் பயன்படுத்தும் பல மென்பொருள்களுக்கும் பயன் தருகிறது.

முடிவுரை

வாக்கு சான்றேயன்றித் தீர்ப்பு அன்று. கடுமை, பாதுகாப்பு, திருத்துவதற்குரிய உழைப்பு ஆகியவற்றோடு அதனைச் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும். எண்ணிக்கையில் குறைந்த மொழிப் பயனர்க்கு வாக்கினும் வலியது தெளிவான வழு அறிக்கையே. மென்பொருட் பதிப்பு, இயங்குதளம், எழுத்துரு, வழு தோன்றும் படிநிலைகள், மாதிரிப் பனுவல், சரியான வடிவத்தின் படம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். தமிழ் அறியாத மேம்படுத்துநருக்குச் சரியான வடிவம் எதுவென உறுதியாகச் சொல்லத்தக்கவர் தமிழ் கற்றவரே. அப்பணி நிரலாக்கம் அறியாத தமிழாய்வாளர்க்கும் உரியது.