அம்மை குத்தியவர்களும் ஐஸ் பற்றிக் கேட்பவர்களும்

1879-இல் ‘லியோனிடாஸ்’ கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஃபிஜிக்கு ஏற்றிவந்தபோது, காலராவும் பெரியம்மையும் கூடவே வந்தன. நான்கு வருடம் முன்புதான் தட்டம்மை வந்து, அந்தத் தீவுகளில் நாற்பதாயிரம் பேர் வரை வாரிக்கொண்டு போயிருந்தது. அரண்டுபோன காலனி அரசு, தீவுக்கார வாலிபர்களுக்கே அம்மை குத்தக் கற்றுக்கொடுத்தது. அதற்காக 1885-இல் சுவாவில் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு ஃபிஜி மருத்துவக் கல்லூரியானது. கையை நீட்டச் சொல்வது, கீறுவது, பெயரை எழுதிக்கொள்வது, அடுத்த தீவுக்குப் படகேறுவது. நோயாளி வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேசிக் கேட்டறிய வேண்டிய மனநோய்க்கும் போதைக்கும் சுவாவின் செயின்ட் ஜைல்ஸ் மருத்துவமனை. 1884-இலிருந்து இருக்கிறது. கஞ்சா பிடித்த பையன் போலீசிடமோ பாதிரியாரிடமோ போவான், முற்றினால் அங்கே. 2010-இல் வந்த புதிய மனநலச் சட்டம்தான் வைத்தியத்தை ஊர் சுகாதார நிலையம் வரை இறக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் எம்.எச்.கேப் வழிகாட்டியைக் கொண்டு சாதாரண நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி தொடங்கியது.

அதற்குள் ‘ஐஸ்’ என்கிற மெத்தாம்ஃபெட்டமைன் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கடல்வழி போகிற சரக்கு ஃபிஜியில் இறங்கிச் சிதறுகிறது. 2024 ஜனவரியில் நாண்டி பக்கம் மட்டும் நாலு டன்னுக்கு மேல் பிடிபட்டது. பலர் அதை ஊசியில் ஏற்றிக்கொள்வதால் எச்.ஐ.வி.யும் பெருகியது: 2023-இல் 415 ஆக இருந்த புதிய தொற்று, மறுவருடம் 1,583. 2025 ஜனவரியில் அரசு இதைக் கொள்ளைநோய்ப் பரவலாகவே அறிவித்தது. ஊசியைப் பகிர்வது ஒரு பக்கம். போதையேறியவனின் ரத்தத்தையே இழுத்து இன்னொருவன் ஏற்றிக்கொள்வதும் நடக்கிறது. பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ப்ளூடூத்’.

இப்படி ஊசி ஏற்றிக்கொள்கிற ஒரு பையன் எதிரே வந்து உட்கார்ந்தால் நர்ஸ் என்ன செய்வார்? வெளித்தீவில் அவர் ஒருத்திதான். பையனின் அம்மாவும் அவரும் ஒரே சர்ச். சாயங்காலம் ஒரே யங்கோனா (காவா பானம்) கிண்ணத்தைச் சுற்றி உட்காருகிறவர்கள். ஆகவே முதல் பாடம் மருந்தைப் பற்றியதாக இருக்க முடியாது. அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்த வேண்டும். “உங்கிட்ட ரெண்டு விஷயம் கேக்கலாமாப்பா? இங்கே சொல்றது வெளியே போகாது. உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன்” என்று ஆரம்பித்து, பிறகு பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். புத்திமதி சொல்லியே பழகியவருக்கு இந்த மௌனம்தான் கஷ்டம். இளைஞர்களிடம் கேட்பதற்கென்று பாஸ்டனில் உருவான ‘கிராஃப்ட்’ கேள்விகள் பல நாடுகளில் புழங்குகின்றன. ஆங்கிலத்தில் அதன் பெயரின் முதல் எழுத்தான C-யே காருக்குரியது: போதையில் இருந்தவர் ஓட்டிய காரில் போனாயா? கார் இல்லாத தீவில் ‘படகு’ என்று மாற்றிக் கேட்கிற சமயோசிதம் அச்சிட்ட தாளில் வராது.

பையன் மனம்விட்டுச் சொன்னாலும், அடுத்து எங்கே அனுப்புவது? பெரும்பாலும் அதே செயின்ட் ஜைல்ஸ்தான்.

பயிற்சி பெற்றவர்களும் தங்குவதில்லை. ஃபிஜி நர்ஸுகள் நூற்றுக்கணக்கில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய்விட்டார்கள்; சம்பளத்தைப் பார்த்தால் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் ஓட்டலில் நடக்கும் பயிலரங்குகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஃபிஜியில் குடியேறிய நம் தென்னிந்தியர்கள் 1926-இல் தொடங்கிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் லம்பாசாவில் நர்சிங் கல்லூரி நடத்துகிறது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்கும் இந்தக் கலையை அதுபோன்ற கல்லூரிகளின் அடிப்படைப் பாடத்திலேயே சேர்த்துவிட்டால், ஒருவர் விமானம் ஏறியதும் அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கும் அது தெரிந்திருக்கும்.