உம்பிரியக் குன்றுகளும் உரோமரின் கற்களும்

இத்தாலியைக் காணச் செல்வோரிற் பெரும்பாலோர் உரோமாபுரியையும் வெனிஸ் நகரையும் கண்டு மீண்டுவிடுகின்றனர். உரோமர் ஆட்சி மறைந்தபின் அவர்தம் கற்கள் என்னாயின என்பதை அறிய விழைவோர், தலைநகரை விட்டு வடக்கே உம்பிரியாவுக்குச் செல்லுதல் வேண்டும். சரிவெங்கும் ஒலிவ மரங்கள் நிற்க, குன்றுகளின்மீது மதில் சூழ்ந்த சிற்றூர்கள் அமர்ந்திருக்கும் நாடு அது.

இந்நாட்டை உரோமுடன் பிணைத்தது ஒரு சாலை. கி. மு. 220இல் கையஸ் பிளமினியஸ் என்பார் உரோமிலிருந்து அதிரியாத்திக் கடற்கரைவரை அதனை அமைத்தார். நார்னி என்னும் ஊரருகே அது இரு கிளையாகப் பிரிந்து, வடக்கே மீண்டும் ஒன்றுசேர்ந்தது. மேற்குக் கிளையின் ஓரத்திலே, திறந்த மேட்டுநிலத்தில் வளர்ந்த நகரமே கார்சூலே.

நகர மன்றம், இரட்டைக் கோயில்கள், நாடக அரங்கு, இயற்கையாகத் தாழ்ந்த குழியொன்றில் அமைந்த விளையாட்டரங்கு ஆகிய யாவும் அங்கிருந்தன. கி. பி. 69இல் வெஸ்பாசியனின் படைகள் உரோமை நோக்கி வருகையில் இங்கே தங்கியதை வரலாற்றாசிரியர் தசித்தஸ் குறித்துள்ளார். ஆனால் காலப்போக்கிற் போக்குவரத்துக் கிழக்குக் கிளைக்கு மாறிற்று. சாலையால் வாழ்ந்த நகரம் சாலையோடு தேய்ந்து, ஈற்றில் ஆளற்றுப் போயிற்று. அதன் கற்களைக் கொண்டே அவ்விடத்திற் சான் தாமியானோ என்னும் சிறு தேவாலயம் எழுந்தது. 1951இல் தொடங்கிய அகழ்வாராய்ச்சி நகரத்தை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. இன்று வடக்கு எல்லையிலே தோரண வளைவொன்று தனித்து நிற்கின்றது. அதனை நோக்கிச் செல்லும் கற்பாதையில், அன்றைய வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்களைக் காணலாம்.

குன்றூர்களின் கதை வேறு. அசிசியின் நடுமுற்றத்தில் மினேர்வா தெய்வத்தின் கோயில் ஆறு தூண்களோடு இன்றும் நிற்கின்றது. 1786இல் அவ்வூருக்கு வந்த ஜெர்மானிய மகாகவி கேதே, புனித பிரான்சிசின் பேராலயத்தை ஒதுக்கிவிட்டு, இக்கோயிலைக் காணவே ஏறிச் சென்றார். அது நிலைத்ததற்குக் காரணம் எளியது: ஊரார் அதனைக் கைவிடவில்லை. பழைய தெய்வம் போனபின் புதிய வழிபாடு உட்புகுந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது மரியன்னையின் ஆலயமாயிற்று. அயலிலுள்ள ஸ்பெல்லோவிலும் மக்கள் உரோமர் காலத்து வாயில்களினூடாகவே ஊருக்குட் செல்கின்றனர்.

கற்கள் இவ்வாறு பிழைத்தன. சொற்கள்? இதற்கு விடை கூறுவது குப்பியோ நகரம். அடிவாரத்தில் உரோமரின் நாடக அரங்கு கிடக்க, மேலே நகரத்தின் பழைய மாளிகையில் ஏழு வெண்கலத் தகடுகள் பேணப்படுகின்றன. 15ஆம் நூற்றாண்டிற் கண்டெடுக்கப்பட்ட அவற்றிலுள்ளவை, உரோமருக்கு முன்னரே இந்நாட்டார் பேசிய உம்பிரிய மொழியில் அமைந்த சடங்கு விதிகள். பலியிடும் முறை, புள் நிமித்தம் பார்க்கும் முறை, ஊரைத் தூய்மை செய்யும் முறை ஆகியன அவற்றிற் கூறப்பட்டுள்ளன. சில தகடுகள் பழைய உம்பிரிய எழுத்திலும், சில இலத்தீன் எழுத்திலும் உள்ளன. எழுத்து முதலில் மாறிற்று; பின்னர் மொழியே மறைந்தது. அம்மொழியில் எஞ்சிய நீண்ட நூல் இஃதொன்றே. இலத்தீன் கற்ற பிள்ளைகள் வீட்டு மொழியை எந்தத் தலைமுறையில் மறந்தனரோ, யாரறிவார்!

நிலநடுக்கம் இக்குன்றுகளை ஓயாது வருத்துகின்றது. 1997இல் அசிசிப் பேராலயத்தின் மேற்கூரை இடிந்து நால்வர் மாண்டனர். 2016இல் நோர்சியாவின் புனித பெனடிக்ட் ஆலயம் முகப்பு மட்டும் எஞ்சச் சரிந்தது. இடிந்ததை மனிதர் மீண்டும் எழுப்பக்கூடும். எழுப்புவதற்கு மனிதர் ஊரில் இருத்தல் வேண்டும். தொழில் நாடி இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்துசெல்லும் இக்காலத்தில், குன்றூர்கள் அஞ்சவேண்டியது கார்சூலேயின் கதியையே. அங்கே நகரத்தை அழித்தது பகைவரின் படையெடுப்பன்று. மனிதர் வேறு வழியாற் சென்றமையே.